பின் பம்பரும் புகைக்குழாயின் வாயும்

காரின் பின்பக்கத்தில் பம்பர் என்று எல்லோரும் சொல்லும் அந்த வளைந்த, வண்ணம் பூசிய பாகம் உண்மையில் பம்பரின் மேல்தோல் மட்டுமே. அதன் கனம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். இடியைத் தாங்குவது அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் எஃகு அல்லது அலுமினிய உத்தரம். உத்தரத்துக்கும் தோலுக்கும் நடுவே பல கார்களில் நுரைக்கட்டி ஒன்று இருக்கும். மெதுவாக எதிலாவது முட்டும்போது நசுங்கி, இடியின் ஆற்றலை வாங்கிக்கொள்வது அதன் வேலை. வீட்டிலேயே காரை மாற்றியமைக்க நினைப்பவர் கைவைக்க வேண்டியது தோலில் மட்டும்தான். அதை வெட்டலாம், நிறம் மாற்றலாம், கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். புதுக் குழாய்க்கு இடம் போதவில்லை என்று நுரையைச் செதுக்கி எடுத்துவிடுபவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடுத்த முறை முட்டும்போது தெரியும்.

இந்த அமைப்பு பரவலாகி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் பம்பர் என்றால் குரோமியம் பூசிய எஃகுப் பட்டை. 1968-இல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் தன் ஜி.டி.ஓ. காரின் முன்பக்கத்துக்கு, காரின் நிறத்திலேயே, அடித்தால் நெளிந்து பழைய நிலைக்குத் திரும்பும் பம்பரைக் கொடுத்தது. 1972-இல் வந்த பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு விற்பனைக்கு வந்தது. 1973 மாடல் கார்களிலிருந்து அமெரிக்க அரசு ஒரு விதியையும் கொண்டுவந்தது: முன்பக்கம் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கம் இரண்டரை மைல் வேகத்திலும் முட்டினால், விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது. அதன்பிறகு தாங்கும் வேலை உள்ளே போயிற்று, தோற்றம் வெளியே நின்றது. வீட்டில் பம்பரை வெட்டி ஒட்ட முடிகிறதென்றால் இந்தப் பிரிவினைதான் காரணம்.

புகைக்குழாயின் கதை வேறு. எஞ்சினில் தொடங்கி, வினையூக்கி மாற்றி வழியாகச் சைலன்சரைக் கடந்து வரும் குழாய் காருக்கு அடியில் எங்கோ முடிந்தால் போதும். அதன் வாயில் பளபளக்கும் எவர்சில்வர் உறை, அதாவது டிப், அலங்காரத்துக்காக வந்தது. இத்தாலியில் கார்லோ அபார்த் 1949-இல் தொடங்கிய நிறுவனம், ஃபியட் போன்ற சாதாரணக் கார்களுக்கு மாற்றுச் சைலன்சர் விற்றே பெயர் வாங்கியது. கறுத்த உடலும் குரோமியம் பூசிய வாயும் அதன் அடையாளம். இன்று அந்த அடையாளத்தைக் கார் நிறுவனங்களே விலைப்படிக்கட்டாக மாற்றிவிட்டன. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை எடுத்துக்கொண்டால், சாதாரண மாடலின் குழாய் பம்பருக்குப் பின்னாலேயே கீழ்நோக்கி வளைந்து கண்ணில் படாமல் முடிகிறது. ஜி.டி.ஐ. மாடலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய்கள். ஆர் மாடலில் நான்கு. பின்னால் வருபவருக்கு எஞ்சினைத் திறந்து காட்ட முடியாது, வாய்களின் எண்ணிக்கையைக் காட்டலாம். சாதாரண மாடல் வைத்திருப்பவர் பம்பரின் கீழ்ப்பகுதியை மாற்றி டிப் பொருத்த ஆசைப்படுவது இங்கேதான் தொடங்குகிறது.

டிப் மாற்றினால் எஞ்சின் சக்தி கூடுமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே பதில். வாயு தடைபடும் இடங்களெல்லாம் அதற்கு வெகு முன்னால் இருக்கின்றன. சத்தமும் ஏறக்குறைய மாறாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வினாடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கிறது. சூடான வாயுவில் அந்த 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கு மேல். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய்த் துண்டு அவ்வளவு நீண்ட அலையை ஒன்றும் செய்துவிட முடியாது. டிப் மாற்றியதும் உறுமல் கூடிவிட்டது என்று சொல்பவரின் காதில் விழுவது பெரும்பாலும் அவருடைய ஆசைதான்.

இரண்டு பாகங்கள், இரண்டு உறவுகள்

பின்பக்க வேலையில் தவறுகள் மிகுதியாக நடப்பது ஓர் உண்மையை மறப்பதால். பம்பர் காரின் உடலோடு பிணைக்கப்பட்டது, புகைக்குழாய் எஞ்சினோடு பிணைக்கப்பட்டது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச்சை விடும்போதும், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், அணைக்கும்போதும் அது அசைகிறது. அந்த அசைவு குழாய் வழியாகப் பின்னால் வரைக்கும் வருகிறது. குழாயும் ரப்பர் வளையங்களில்தான் தொங்குகிறது. ஆகவே டிப்பும் பம்பரும் ஒன்றையொன்று தொடாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டிய இரு பாகங்கள்.

இதோடு வெப்பம் சேர்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள எவர்சில்வர் குழாய் சராசரியாக 250 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் நீளும். தொழிற்சாலைக் குழாய்களில் பரவலாக உள்ள, குரோமியம் குறைந்த 409 வகை எஃகானால் 8, 9 மில்லிமீட்டர். முன்முனை எஞ்சினில் பிணைந்திருப்பதால் இந்த நீட்சியெல்லாம் பின்முனையில் வந்து தெரிகிறது. காலையில், கார் ஆறிக் கிடக்கும்போது பம்பரின் விளிம்போடு நேராக நிற்கும்படி பொருத்திய டிப், நெடுஞ்சாலையில் ஓடிவிட்டு வந்தபின் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே துருத்தி நிற்கும்.

பம்பரும் சும்மா இருப்பதில்லை. அதன் பிளாஸ்டிக், எஃகைவிடப் பல மடங்கு விரியக்கூடியது. 1.7 மீட்டர் அகலமுள்ள கறுப்பு பம்பர், அதிகாலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் இடையில் 40 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டர்போல நீளும். பம்பரைப் பிடிக்கும் திருகுத் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பது இதற்காகத்தான். கழற்றிய பம்பரை மறுபடி மாட்டும்போது அந்த நீளத் துளைகளின் திருகுகளை வாஷரோடு அளவாக முறுக்க வேண்டும். ஆத்திரத்தில் இறுக்கினால் வெயிலில் நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் இடம் விட்டால் டிப்பைச் சுற்றி 20 மில்லிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். மேல்பக்கம் கூடுதலாக இருந்தால் நல்லது. கண்ணுக்கு அது பெரிய ஓட்டையாகத் தெரியும். கச்சிதமாக ஒட்டி நின்றால்தான் அழகு என்பவர்கள், இப்போதைய கார்கள் பலவற்றின் தந்திரத்தைக் கவனிக்கலாம். அவற்றில் டிப் போலவே தெரியும் சட்டம் பம்பரிலேயே பதிக்கப்பட்டிருக்கும். உண்மையான குழாய் அதற்குப் பின்னால் சற்று உள்வாங்கி, எதையும் தொடாமல் முடியும். சட்டம் பம்பரோடு சேர்ந்து அசைவதால் இடைவெளியே தேவைப்படுவதில்லை. போலி என்று கார்ப் பிரியர்கள் கேலி செய்தாலும், பொறியியல் நோக்கில் அது நேர்த்தியான தீர்வு. வீட்டு வேலைக்கும் எல்லாவற்றிலும் எளிய வழி அதுவே.

சூடு போகும் வழிகள்

எஞ்சினிலிருந்து வெளியேறும் இடத்தில் வாயு 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வழியெல்லாம் வெப்பத்தை இழந்து வாய்க்கு வரும்போது சாதாரண ஓட்டத்தில் 100 முதல் 200 டிகிரி, ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினால் அதற்கும் மேல். பம்பரின் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல் உருகும் என்றாலும், 100 டிகிரியிலேயே தன் கனத்தைத் தாங்காமல் தொய்யத் தொடங்கும்.

ஓடும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் ஆபத்து குறைவு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுபோகிறது. சூடான குழாயைச் சுற்றியுள்ள காற்று மேலெழுந்து வெட்டின் மேல்விளிம்பைத் தாக்குகிறது. உருகிய பம்பர்களைப் பார்த்தால் சேதம் அநேகமாக எப்போதும் மேல்விளிம்பில்தான் இருக்கும்.

மற்றொரு வழி கதிர்வீச்சு. ஒரு பொருள் வீசும் வெப்பக்கதிர், அதன் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 100 டிகிரியில் உள்ள டிப் 300 டிகிரிக்கு ஏறினால் கதிர்வீச்சு ஐந்தரை மடங்காகிறது. மேற்பரப்பும் முக்கியம். மெருகேற்றிய குரோமியம், அதே சூட்டில் உள்ள மங்கலான கறுப்புப் பரப்பு வீசும் கதிரில் பத்தில் ஒரு பங்கு அளவே வீசும். இப்போது நாகரிகமாகிவிட்ட கறுப்பு டிப் பம்பருக்குக் கூடுதல் சூட்டைக் கொடுக்கும் என்பது இதன் பொருள். ஆசை கறுப்பின்மேல்தான் என்றால் இரட்டைச் சுவர் கொண்ட டிப்பை வாங்க வேண்டும். உள்சுவரில் வாயு ஓடும். இடையிலுள்ள காற்று வெப்பத்தை அரிதாகவே கடத்தும். வெளிச்சுவர் கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும். பம்பரின் உட்புறத்தில், வெட்டின் மேல்பகுதியில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒட்டினால் வரும் கதிரில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தொழிற்சாலைகளும் அந்த இடத்தில் தகடுதான் வைக்கின்றன.

டிப்பின் உலோகம் 304 வகை எவர்சில்வராக இருந்தால் நீண்ட நாள் வரும். அதில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. குரோமியம் காற்றோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலமாகித் துருவைத் தடுக்கிறது. அந்தப் படலம் கடும் சூட்டில் தடிக்கும்போது, ஒளி அதன் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பிரதிபலித்துத் தன்னோடு தானே குறுக்கிடுகிறது. வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறங்கள் தோன்றுவது அதனால். சாயம் எதுவும் இல்லை. கடையில் விற்கும் நீலமேறிய டிப்புகளின் நிறம் தயாரிக்கும்போதே ஏற்றப்பட்டது. சாதாரணக் காரின் வாய்ச்சூடு அந்த நிறத்தைக் கொண்டுவரப் போதாது.

ஈரமும் புகையும்

பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவரும் நீராவி, குளிர்ந்தால் ஏறக்குறைய 900 மில்லிலிட்டர் தண்ணீர். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் சிறு ஓட்டங்களில் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதே இல்லை. நீராவி உள்ளேயே குளிர்ந்து, அமிலம் கலந்த ஈரமாகத் தேங்குகிறது. பல சைலன்சர்களின் அடியில் ஒரு சிறு துளை இருப்பது அந்தத் தண்ணீர் வடிவதற்கு. டிப் பொருத்தும்போது அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடக்கூடாது. டிப்பின் வாய் மேல்நோக்கிச் சாயாமல் கிடையாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ இருக்க வேண்டியதும் இதே காரணத்தால்.

வாய் எங்கே முடிகிறது என்பது அழகைப் பொறுத்தது மட்டுமல்ல. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சுழலும் ஒரு பகுதி உருவாகிறது. புகை அதற்குள் அகப்பட்டால் காரின் முதுகிலேயே திரும்பிப் படியும். 1953-இல் வந்த செவர்லே கார்வெட்டில் இதுவே நடந்தது. அதன் குழாய்கள் பின்பக்கத்தில் நடுவை ஒட்டி முடிந்ததால் வெள்ளை உடலில் கரி படிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பொறியாளர் ஸோரா ஆர்குஸ்-டன்டோவ் ஆராய்ந்த ஆரம்பச் சிக்கல்களில் இதுவும் ஒன்று. 1956 மாடலில் வாய்களைக் காரின் இரு ஓரங்களுக்கு நகர்த்தி, பம்பருக்குள்ளாகவே வெளியே விட்டார்கள். பார்க்க அற்புதமாக இருந்த அந்த ஏற்பாட்டில் சூடான ஈரப்புகை குரோமியத்தை ஓயாமல் நனைத்தது. 1961 மாடலில் குழாய்கள் பம்பரை விட்டு உடலுக்கு அடியில் இறங்கின.

கரியைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. டிப்பின் முனை பம்பரின் விளிம்புக்கு உள்ளே மிகவும் ஒடுங்கி நின்றால் புகை பம்பரின் குழிக்குள் தேங்கி, டிக்கியின் ரப்பர் இடுக்குகள் வழியே உள்ளே கசியலாம். முனை விளிம்போடு சமமாகவோ ஓரிரு சென்டிமீட்டர் வெளியேயோ நிற்பது பாதுகாப்பு. வேலை முடிந்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும். பூட்டிய ஷெட்டில் கூடவே கூடாது.

வெட்டும் வண்ணமும்

வெட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் எதுவென்று தெரிந்தாக வேண்டும். கழற்றிய பம்பரின் உட்புறத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். ‘பி.பி. + இ.பி.டி.எம்.’ என்றிருந்தால் பாலிபுரொப்பிலீனோடு ரப்பர் கலந்தது என்று அர்த்தம். கூடவே ‘டி 20’ என்றிருந்தால் 20 விழுக்காடு டால்க், அதாவது முகப்பவுடரில் இருக்கும் அதே கனிமம். வெறும் பாலிபுரொப்பிலீன் குளிரில் முறுகிப்போகும், ரப்பர் அதைத் தடுக்கிறது. டால்க் விறைப்பைக் கூட்டி விரிவைக் குறைக்கிறது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழைய சோதனை இங்கே ஏமாற்றும். வெறும் பாலிபுரொப்பிலீன் மிதக்கும், டால்க் 20 விழுக்காடு சேர்ந்தது மூழ்கிவிடும். அசிட்டோன் நனைத்த பஞ்சால் உட்புறத்தைத் தேய்த்துப் பார்ப்பது மேல். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பிசுபிசுக்கும், பாலிபுரொப்பிலீன் அசையாது.

அதிவேகமாகச் சுழலும் கட்டிங் மெஷின் பாலிபுரொப்பிலீனை வெட்டுவதைவிட உருக்குவதே அதிகம். தகடு முன்னே போகப் போகப் பின்னால் உருகியது ஒட்டிக்கொள்ளும். மெல்லப் போகும் ஹாக்சா பிளேடு நேர்த்தியாக வெட்டும். வெட்டின் மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டுவிட்டு, ஒரு துளையிலிருந்து மறு துளைக்கு வெட்ட வேண்டும். தகட்டில் உள்ள வட்டத் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை கூர்மையாகக் கூர்மையாக அது கட்டுக்கடங்காமல் ஏறும் என்பது 1913-இல் ஆங்கிலப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் கணக்கிட்டுக் காட்டியது. பிளேடு விட்டுப்போன கூர்மூலையிலிருந்து ஒரு கீறல் தொடங்கினால், அடுத்த சில மாத அதிர்வில் அது பம்பரின் விளிம்பு வரை ஓடும். விரிசல் விட்டதைப் பசையால் ஒட்ட முயல்வது வீண். அதே பிளாஸ்டிக் கம்பியைச் சூடான காற்றால் உருக்கிச் சேர்ப்பதே பிடிக்கும்.

பசை பிடிக்காத காரணமும் வண்ணம் பிடிக்காத காரணமும் ஒன்றுதான். திரவம் ஒரு பரப்பில் பரவ, பரப்பின் ஆற்றல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பாலிபுரொப்பிலீனின் பரப்பாற்றல் மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவு, தண்ணீருக்கு 72. அதன் மூலக்கூறுகளில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் வண்ணத்துக்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடி இல்லை. வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தவருக்கு இது தெரியும். பெரும்பாலும் அதுவும் பாலிபுரொப்பிலீன்தான். தொழிற்சாலையில் பம்பரின்மேல் சுடரை நொடிப்பொழுது ஓட்டிப் பரப்பில் ஆக்சிஜன் அணுக்களை ஏற்றுவார்கள். தின்னர் ஆவி நிறைந்த வீட்டுத் திண்ணையில் அதைச் செய்து பார்ப்பது அறிவீனம். அங்கே உதவுவது, குளோரின் ஏற்றிய பாலிமர் கலந்த ஒட்டுப் பிரைமர். அதன் ஒரு முனை பிளாஸ்டிக்கோடு கலக்கும், மறுமுனை வண்ணத்தைப் பிடிக்கும். மெல்லிய ஒரே பூச்சுப் போதும். தடிமனாக அடித்தால் அதுவே உரிந்து வரும்.

அதற்கு முன் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகும் எண்ணெயும் போக்கும் கரைப்பானால் துடைத்து, நார்ப்பட்டையால் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும். வண்ணம் பூசாமல் வாங்கிய புதுப் பம்பரில் அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய பொருள் ஒட்டியிருக்கும். மேலே தண்ணீர் ஊற்றினால் துளித்துளியாகப் பிரியாமல் படலமாக நிற்கிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை. பிரைமருக்கும் வண்ணத்துக்கும் நெகிழ்ச்சி தரும் பொருள் கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பம்பர் வளையும்போது வண்ணம் வெடிக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் அடித்தால் பரப்பு வெளுத்துப்போவதுண்டு. ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்விக்க, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபொருள் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு. அது மூச்சுக்குழலில் தீராத ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது, ஆகவே அந்தப் பூச்சை மட்டும் பெயின்ட் கடையில் கொடுத்துவிடுவதே சரி.

பம்பருக்குக் கீழே ஒட்டும் டிஃப்யூசர் துடுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்தயக் காரில் அவை தட்டையான அடிப்பாகத்திலிருந்து வரும் காற்றை மெல்ல விரித்துக் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக உள்ள சாதாரணக் காரில் அவை அலங்காரம்.

சென்சர்களை மறக்கக்கூடாது. பார்க்கிங் சென்சரின் முகம் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் அதிரும் ஒரு சவ்வு. அதன்மேல் தடிமனாக வண்ணம் அடித்தால் அதிர்வு மட்டுப்படும். அதிகம் துருத்தும் டிப்பைச் சில சென்சர்கள் சுவரென்று எண்ணிக் கத்தும். பக்கவாட்டு வாகனங்களைக் கண்டறியும் ரேடார் உள்ள கார்களில் பம்பரின் மூலைகளைத் தொடாமல் விடுவது உத்தமம். 77 கிகாஹெர்ட்ஸ் அலை பாலிபுரொப்பிலீனுக்குள் 2.6 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. தோலின் கனம் அந்த அலைக்குத் தோதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அங்கே பட்டி வைத்து மெத்தினாலோ, உலோகத் துகள் நிறைந்த வண்ணம் அடித்தாலோ ரேடார் மங்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சைலன்சரைக் கழற்றுவதும் உள்ளே குடைவதும் சந்தேகமில்லாமல் குற்றம். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஐக்கிய நாடுகளின் விதி, வெளியே தெரியும் கூர்மையான விளிம்புகள் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைந்திருக்க வேண்டும் என்கிறது. பாதசாரியின் முழங்கால் உயரத்துக்கும் கீழே துருத்தும் உலோகத்துக்கு இது நியாயமான கோரிக்கை. விளிம்பு உள்ளே சுருட்டிய டிப் இதை எளிதாக நிறைவேற்றும், வெட்டிய தகடாக முடியும் டிப் நிறைவேற்றாது.

பொருத்தும் வேலை ஆறிய குழாயில், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்த காரில் நடக்கும். ஆனால் சரிபார்ப்பது சூட்டில் நடக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிவந்து நிறுத்தியதும் இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து, இன்னொருவர் எஞ்சினை அணைக்கும்போது டிப் எவ்வளவு உதறுகிறது என்று பார்க்க வேண்டும். டிப்பைப் பிடிக்கும் கிளாம்ப் முதல் சில முறை சூடேறி ஆறும்போது தளர்ந்துகொடுக்கும். குழாய் முழுதாக ஆறியபின் மறுபடி ஒரு முறை முறுக்கினால் பிறகு நிற்கும்.